மூணு ஆண்டியும் ஒரு பெட்டியும்

கோட்டையூரில் அந்தப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு ‘ஆன்ட்டி வைரஸ்’ என்று வாயில் வராது. ‘ஆண்டி வைரஸ்’ என்றுதான் வரும். முதல்முறை எங்கள் கடைக்குப் போன் பண்ணியபோதே அப்படித்தான் ஆரம்பித்தார்.

“தம்பி, எங்க பெட்டியில மூணு ஆண்டி ஏறி உக்காந்திருக்கு. ஒண்ண ஒண்ணு வேலை பாக்க விடமாட்டேங்குது. வந்து பாக்குறீகளா?”

நான் சும்மா இருப்பேனா? “மூணு ஆண்டி கூடிட்டாகளா? அப்ப மடம் கட்டாம போகமாட்டாகண்ணே. செங்கல் சிமெண்டு வாங்கி வைங்க” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “யாரு அது நக்கலு பண்ணுறது? நேர்ல வரச் சொல்லுங்க, பாத்துக்குறேன்.”

பள்ளிக்கூடத்தில் எனக்கு மனசில் நின்றது அந்த ஆண்டி கதை ஒன்றுதான். குளிரில் ஆண்டிகள் கூடி உட்கார்ந்து வாயாலேயே மடம் கட்டுவார்கள். வாசல் எங்கே, தூண் எங்கே என்று எல்லாம் பேசி முடிப்பார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு தெருவாகத் திருவோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மற்றப் பாடமெல்லாம் வந்த வழியே போய்விட்டது. ப்ளஸ் டூவில் கணக்கு என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது, நானும் அதைக் கெஞ்சவில்லை. காரைக்குடியில் ஒரு சந்துக்குள் இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அங்கே புதுப் பெட்டிகள் டிப்ளமா படித்தவனுக்கு. செத்ததும் சாகக் கிடப்பதும் எனக்கு.

மறுநாள் டவுன் பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே கோடாகத் தெரியும் வீடு. நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு அறை பூட்டு. அந்த அண்ணனின் மனைவிதான் எதிரே வந்தார். பார்த்ததுமே மதினி என்று கூப்பிட்டுவிட்டேன். அப்படிக் கூப்பிட்டு வைத்துக்கொண்டால்தான் கேலி பண்ண உரிமை வரும்.

“மடம் கட்டுற கொத்தனாரு நீங்கதானா?” என்றார்.

“இல்ல மதினி, நான் சித்தாளு. கொத்தனாரு கடையில இருக்காரு.”

“சித்தாளுக்கே வாய் இம்புட்டு நீளமா? அப்ப கொத்தனாருக்கு எம்புட்டு இருக்கும்?”

அண்ணன் சட்டைப் பையில் சாவிக்கொத்து கனக்க வந்து நின்றார். பேசும்போதும் ஒரு கை அந்தப் பையின் மேலேயே இருந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குக் காவலாக வந்தவர்கள். பின்கட்டில் இரண்டு அறை அவர்களுக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியவர் சென்னையில், நடுவில் உள்ளவர் கோயம்புத்தூரில், சின்னவர் சிங்கப்பூரில். வீடு சும்மா கிடக்க வேண்டாம் என்று வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க விட்டிருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு வீட்டைக் காட்டுவார், மதினி சமைப்பார்.

முகப்பை ஒட்டிய அறையில் பெட்டி இருந்தது. நாய்க்குட்டிக்குச் சட்டை போட்ட மாதிரி மானிட்டருக்கு மதினி பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். ஆன் பண்ணினேன். மதினி உள்ளே போய்க் காபி போட்டு, நாங்கள் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் திரையில் படம் வந்தது. வலப்பக்க மூலையில் மூன்று ஆண்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சிவப்புக் கேடயம், ஒருவன் பச்சை டிக், ஒருவன் மஞ்சள் குடை.

முதலில் சிவப்பு கத்தியது: ஆபத்து, உள்ளே யாரோ இருக்கிறான். யார் என்று பார்த்தால் பச்சை. பச்சை கத்தியது: சந்தேகப்படும்படி ஒருவன் நடமாடுகிறான். அது குடை. குடை இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துத் தனியறையில் போடட்டுமா என்று கேட்டது. நிஜ வைரஸ் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை. இருந்திருந்தாலும் இந்தக் கூச்சலில் ஓடியிருக்கும்.

“ஒரு உறையில ரெண்டு கத்தியே இருக்காதும்பாக. நீங்க மூணு செருகி வச்சிருக்கீகளேண்ணே” என்றேன்.

“நானா வச்சேன்? பெரியவுக முதல்ல ஒண்ணப் போட்டாக. நடுவுல உள்ளவுக வந்து, அண்ணன் போட்டது அண்ணனுக்குத்தான் காவல் காக்கும்னுட்டு இன்னொண்ணப் போட்டாக. சின்னவுக ரெண்டையும் நம்பல. அங்குட்டு இருந்துக்கிட்டே கம்பியில்லாம இங்குட்டு ஒண்ண எறக்கிட்டாக.”

சரி, இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். சிவப்பை நீக்கப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. பச்சை, அதுவும் கேட்டது. குடையும் கேட்டது. தன்னுடையதை மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

அண்ணன் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. என்னை வளவின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அறைக் கதவைக் காட்டினார். ஒரே தாழ்ப்பாள், அதில் மூன்று பூட்டு. வெள்ளிச் சாமான், பித்தளை அண்டா, பொதுச் சொத்தெல்லாம் அதற்குள்ளே. ஆளுக்கொரு சாவி. மூன்று பேரும் சேர்ந்து வந்து நின்றால்தான் திறக்கும். பங்காளி வீடுகளில் அதுதான் வழக்கம் என்றார். அவருடைய கொத்தில் அத்தனை சாவி இருந்தும் அந்தக் கதவுக்கு ஒன்றுகூட இல்லை.

“மெயிலுக்கும் அதே மாதிரித்தான் தம்பி. ஒரு சண்டைக்குப் பெறகு, போன படைப்புக்கு வந்தப்ப மூணு பேரும் பெட்டி முன்னாடி நின்னு ஆளுக்குக் கொஞ்சமா அடிச்சாக. ஒருத்தர் அடிக்கையில மத்த ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னாக. முழுசா யாருக்கும் தெரியாது. பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும்.”

படைப்பு என்பது செத்துப்போன முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் சேலை, வேட்டி வைத்துச் சோறு படைப்பது. உயிரோடு இருக்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடுவதும் அன்றைக்கு மட்டும்தான்.

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் மதினி அப்போது சிரிக்கவில்லை. ஏன் என்று அண்ணன் சொன்னார். அந்த வருஷம் வீட்டுக்கு ஆள் வரத்துக் குறைவு. இந்தச் சீசனிலும் வீடு நிறையாவிட்டால் மூடிவிட்டு விற்றுவிடலாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மதுரையில் ஒரு கைடு, வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கூட்டம் மொத்த வீட்டையும் கேட்டு மெயில் எழுதியிருப்பதாகப் போனில் சொல்லியிருக்கிறார். பதில் போட்டால் வீடு நிறையும். அண்ணனும் மதினியும் பின்கட்டில் இருப்பார்கள். போடாவிட்டால் இல்லை. அந்த மெயில் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள் போக ஆண்டிகள் விடவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேரும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்று நின்றால் எந்தப் பக்கம் திறக்கும்? பாதி வந்து அப்படியே நிற்கும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியவரைக் கூப்பிட்டோம்.

“என்னோடத ஏப்பா எடுக்கணும்? நான்தான் முதல்ல போட்டேன். பின்னால வந்தத எடுக்கச் சொல்லு” என்றார்.

நடுவில் உள்ளவர், “பெரியவர் எடுத்தா நானும் எடுக்குறேன். அவர் எடுத்துட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? போட்டோ புடிச்சு அனுப்பு” என்றார்.

சின்னவர்தான் கொஞ்சம் விவரமாகப் பேசினார். அங்கிருந்தே உள்ளே நுழைந்து தன்னுடையதை எடுத்துவிடுவதாகச் சொன்னார். நுழையப் பார்த்தார். வெளியாள் என்று சிவப்பு அவரைத் தடுத்துவிட்டது.

“பாத்தியா? அண்ணன் வேணும்னே பண்ணி வச்சிருக்காரு” என்று அவரும் வைத்துவிட்டார்.

“அண்ணே, உங்க மொதலாளிமாருக்குத்தான் முதல்ல ஆண்டி வைரஸ் போடணும்” என்றேன். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை.

அதற்குப் பிறகு நான் அங்கே போகாத வாரமில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் நீக்குவதற்கென்றே அந்தந்தக் கம்பெனிக்காரன் தனியாக ஒரு சின்ன புரோகிராம் கொடுப்பான். கடையில் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனேன். செருகியதும் பச்சை அதைத் திருடன் என்று விழுங்கிவிட்டது. சிவப்பை நீக்க வந்த கோடாரியைப் பச்சை தின்றால் பச்சைக்கு என்ன லாபம்? சிவப்பு இருந்தால் அதற்குத்தானே தொல்லை? அதைக் கேட்க ஆளில்லை. பெட்டியை சேஃப் மோடில் எழுப்பிப் பார்த்தேன். அந்த மோடில் தேவையில்லாததெல்லாம் தூங்கிவிடும். ஆண்டிகளும் தூங்கினார்கள். ஆனால் நெட்டும், அவர்களை நீக்கும் புரோகிராம்களும் சேர்ந்து தூங்கிவிட்டன. சாதாரண மோடில் ஒருமுறை சிவப்பு பாதி போனது. மீதிப் பாதி, இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை என்று அறிவித்துவிட்டு நின்றது. திரை நீலமாகிப் பெட்டி விழுந்தது. பழைய நிலைமைக்குத் திருப்பினால் எழுந்துகொள்ளும். திருப்பினேன். எழுந்தது. மூன்று பேரும் குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டு அதே மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அழித்தால் மூன்று பேரும் துண்டு துண்டாக அடித்து வைத்த அந்த பாஸ்வேர்டும் போய்விடும். உள்ளே இருப்பதை நகல் எடுத்து வேறு பெட்டிக்குக் கொண்டுபோனாலும் அது திறக்காது. அந்தப் பெட்டிக்கென்றே பூட்டியது.

“உங்க போன்ல மெயில் வர்ற மாதிரி பண்ணச் சொல்லி அவுகளக் கேளுங்களேண்ணே. மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போன்ல சொன்னாப் போதும்.”

அண்ணன் கேட்டார். நடுவில் உள்ளவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. “வீட்டு மெயிலு உன் போன்ல வந்தா, அப்புறம் நாலாவது பூட்டு நீ போடுவியேப்பா.”

அண்ணனும் சிரித்தார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி. சாவிக்கொத்து இருந்த பையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மதினிக்குத்தான் கோபம் வந்தது. “ஏன் கொழுந்தனாரே, புதுசா ஒரு மெயிலத் தொறந்து நாமளே பதில் எழுதுனா என்ன? கைடுகிட்ட அந்தக் கூட்டத்தோட அட்ரசு இருக்குமுல்ல?”

அண்ணன் வேண்டாம் என்றார். அப்புறம் எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று கைடுக்குப் போன் போட்டார். கைடு அட்ரஸைக் கொடுத்தார். என் போனிலேயே வீட்டுப் பேரில் ஒரு மெயில் திறந்தோம். மதினி சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் கட்டினேன். ரூம் இஸ் ரெடி. ஹவுஸ் இஸ் வெரி பிக். ஃபுட் இஸ் வெரி ஹாட். ப்ளீஸ் கம் வித் ஆல் பீப்பிள்.

“வெரி ஹாட்டுன்னா என்ன?” என்றார் மதினி.

“சுடச்சுட இருக்கும்னு அர்த்தம்.”

“கோழிக் குழம்பு உண்டுன்னும் போடுங்க. அவுக வழக்கமாத் தங்குற எடத்துல நம்ம பக்குவம் கெடைக்காது.”

சிக்கன் ஆல்சோ அவைலபிள் என்று சேர்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு மூன்று பேரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மதினி கடைக்குப் போன் பண்ணுவார். “என்ன கொழுந்தனாரே, கடுதாசி வந்துச்சா?” நானும் தினமும் ஒரு பொய்க் கேலி சொல்வேன். கப்பலில் ஏறிவிட்டது, கொழும்பு தாண்டிவிட்டது, தொண்டியில் இறங்கிவிட்டது. அவரும் தினமும் ஒருமுறை திட்டிவிட்டு வைப்பார். கொஞ்ச நாளில் திட்டுவது நின்றது. “வரலயா? சரி தம்பி” என்று மட்டும் சொன்னார். கொழுந்தனாரே போய்த் தம்பியானதும் நானும் கப்பல் விடுவதை நிறுத்திவிட்டேன்.

படைப்புக்கு மூன்று பேரும் வந்தார்கள். அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். உள்ளே அவர்கள் வீட்டு ஆச்சிமார் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிட்டார்கள். அப்போது மூன்று பேரும் தோளோடு தோள் நெருங்கி நின்றதைப் பார்த்தால் இவர்களா அவர்கள் என்று இருந்தது. சாப்பாடு முடிந்ததும் பெரியவர் முகப்பு அறைக்கு வந்து, “எதுய்யா அந்தப் பெட்டி? ஆளுக்கு ஆள் எடுத்து விட்டுருவோம்” என்றார்.

எடுத்துவிட்டார்கள். பெரியவர் அடிக்கும்போது தம்பிகள் சுவரைப் பார்த்தார்கள். நடுவில் உள்ளவர் அடிக்கும்போது கீபோர்டு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடித்தார். சின்னவர், “நீங்களும் திரும்பிக்கங்க” என்று என்னிடம் சொன்னார். நானும் திரும்பிக்கொண்டேன். சிவப்பு போனது. பச்சை போனது. குடை போனது. வாரக்கணக்கில் நான் கும்பிட்டும் அசையாதவர்கள் ஒரு பீடி பிடிக்கும் நேரத்துக்குள் நடையைக் கட்டிவிட்டார்கள். பெட்டியை மறுபடி எழுப்பினேன். குதிரை மாதிரி எழுந்தது.

அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மதினி, கையெல்லாம் மஞ்சள்.

மெயில் திறந்தது. சின்னவர் உட்கார்ந்து மேலிருந்து படித்து எல்லாருக்கும் தமிழில் சொன்னார். முதல் மெயில், மொத்த வீடும் கிடைக்குமா என்று அன்பாகக் கேட்டிருந்தது. அடுத்தது, பதில் இல்லையே என்றது. அதற்கடுத்தது: உங்கள் வீட்டுப் பேரில் வேறொரு முகவரியிலிருந்து தப்பும் தவறுமான இங்கிலீஷில் எங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. யாரோ மோசடிக்காரர்கள் என்று நினைக்கிறோம், அதற்குப் பதில் போடவில்லை. அதை எழுதியது நீங்கள்தானா என்று தயவுசெய்து இந்த முகவரியிலிருந்து உறுதிப்படுத்துங்கள். கடைசியாக ஒன்று, இரண்டு வரி. வேறு இடம் பார்த்துக்கொண்டோம், நன்றி.

“யாரு அந்த வேற மெயிலு?” என்றார் நடுவில் உள்ளவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார். “நாந்தான் எழுதச் சொன்னேன்.”

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவர், “விடும்மா. அது வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. நாங்க பேசி முடிச்சிட்டோம்” என்றார்.

சாப்பிடும்போதே பேசி முடித்திருந்தார்கள். வீட்டைப் பிரித்து விற்பது. தூணும் நிலையும் தனியாக, மனை தனியாக. தை மாதத்துக்குள் பின்கட்டைக் காலி பண்ணிக்கொண்டால் போதும் என்று அண்ணனிடம் மரியாதையாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்ற இருவரும் மறுக்காமல் தலையாட்டியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணன் பல வருஷமாகச் சொல்லிப் பழகிய, “சரிங்க, சரிங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் மூன்று பூட்டு அறையைத் திறக்க வளவுப் பக்கம் போனார்கள். மதினி என் அருகில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். “கொழுந்தனாரே, உங்க வாத்தியாரு கதைய அரைகுறையாச் சொல்லிக் குடுத்துட்டாரு. ஆண்டி கூடி மடம் கட்டமாட்டான். இடிக்கன்னா கூடிருவான்.”

பெட்டிப் பக்கம் திரும்பினேன். ஆண்டிகள் உட்கார்ந்திருந்த மூலை காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் எழும்பி வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது.

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இன்னும் என்னத்தத் தம்பி கேக்குது?”

“ஒண்ணுமில்லண்ணே. காவலுக்கு ஆள் இல்லங்குது.”

“ம்” என்றார். அந்தக் கட்டம் போகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். போகவில்லை. அப்புறம் அவரே, மதினி தைத்த பூப்போட்ட உறையை எடுத்து மானிட்டர் மேல் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் சரிபண்ணினார். உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.